ஸகரம் தகரமாகும் எல்லை

2018 ஏப்ரல் 19 அன்று, தம் ஐம்பதாவது பிறந்தநாளில், மன்னர் மூன்றாம் ம்ஸ்வாத்தி, தென்னாப்பிரிக்காவை ஒட்டிய தம் நாட்டின் பெயரை மாற்றினார். அதுவரை ஸ்வாஸிலாந்து, அன்று முதல் எஸ்வாத்தினி. வெளியூர்களுக்குப் போனால் தம் நாட்டைச் சுவிட்சர்லாந்து என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்று அவர் சொன்னதைச் செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்டன. 'லாந்து' என்ற ஆங்கில வால் அறுந்ததைப் பற்றியும் எழுதினார்கள். அந்தப் பெயரின் நடுவில் ஒரு ஸகரம் போய்த் தகரம் வந்ததை மட்டும் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. எனக்கு அதுதான் செய்தியாகப் பட்டது.

அந்த மக்களின் பெயர், 19ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் ம்ஸ்வாத்தி என்ற மன்னரின் பெயரிலிருந்து வந்தது. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது 'ஸ்வாத்தி'. பக்கத்தில் வாழும் ஜூலு மக்களின் வாயில் அதே பெயர் 'ஸ்வாஸி'. ஆங்கிலத்தில் நிலைத்தது ஜூலு வடிவம். ஆக, ஒரு நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழிந்த பிறகும் உலக வரைபடத்தில் அண்டை வீட்டாரின் உச்சரிப்பில்தான் இருந்தது.

இது ஒரு பெயரோடு நின்றுவிடும் சங்கதி அல்ல. ஜூலுவில் தண்ணீர் 'அமான்ஸி', ஸ்வாத்தியில் 'எமாந்தி'. ஜூலுவில் மாடுகள் 'இஸின்கோமோ', ஸ்வாத்தியில் 'தின்கோமோ'. ஆடுகள் 'இஸிம்பூஸி', 'திம்பூத்தி'. ஜூலுவில் ஸகரம் எங்கே வருமோ அங்கே ஸ்வாத்தியில் தகரம் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பெரும்பாலும் சரியாக இருக்கும். இப்படிப் பேசுவதற்கே அங்கே ஒரு வினைச்சொல் உண்டு: 'தெகேலா'. ஜூலு போலவும், தென்னாப்பிரிக்காவின் இன்னொரு பெரிய மொழியான கோசா போலவும் ஸகரம் வைத்துப் பேசுவது 'ஸூந்தா'. மொழியியலாளர்களும் இந்த இரண்டு சொற்களையே எடுத்துக்கொண்டு, இவை மூன்றும் அடங்கிய மொழிக் கிளையை இரண்டாகப் பிரிக்கிறார்கள்.

இங்கே ஓர் ஒப்புதல். நான் ஸகரம் என்று எழுதுவது தொண்டை அதிரச் சொல்லும் ஸகரம். 'ஜூலு' என்ற பெயரின் முதல் ஒலியும் அதுவேதான். ஒரே ஒலியை ஓரிடத்தில் ஜகரமாகவும் வேறிடத்தில் ஸகரமாகவும் எழுதித் தமிழில் பழகிவிட்டோம். இந்த மொழிகளைப் பிரிக்கும் ஒலிகளில் பாதியைத் தமிழ் எழுத்து காட்டாது. மீதிப் பாதியே போதுமான அளவு சுவாரசியமானது.

பாண்டு மொழிகள் ஏறத்தாழ ஐந்நூறு. எதை மொழி என்று எண்ணுவது, எதை வட்டார வழக்கு என்று விடுவது என்பதைப் பொறுத்து அந்த எண் ஏறும், இறங்கும். கேமரூனும் நைஜீரியாவும் சந்திக்கும் பகுதியிலிருந்து நாலாயிரம், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய மக்கள் கிழக்கிலும் தெற்கிலும் பரவியபோது கூடவே கொண்டுபோன மொழியின் பிள்ளைகள் இவை. 'பாண்டு' என்ற பெயரை அறிவுலகத்தில் நிறுவியவர் வில்ஹெல்ம் பிளேக் என்ற ஜெர்மானியர். கேப் டவுனில் இருந்து வேலை செய்தவர். 1862இல் தம் ஒப்பிலக்கணத்தில் அந்தப் பெயரை இட்டார். 'ந்து' என்ற அடிச்சொல்லுக்கு ஆள் என்று பொருள், 'பா' பன்மை. பாண்டு என்றால் 'ஆட்கள்', அவ்வளவுதான். பின்னாளில் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு இதே சொல்லைக் கறுப்பின மக்களுக்கான அரசாங்க முத்திரையாக்கி, 1953இல் பாண்டு கல்விச் சட்டம் என்று ஒன்றையும் கொண்டுவந்தது. அதனால் இன்றும் அந்த நாட்டில் ஒருவரைப் பார்த்து இந்தச் சொல்லைச் சொல்வது வசைக்குச் சமம். மொழிக் குடும்பத்தின் பெயராக மட்டும் பிழைத்திருக்கிறது.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே கண்டத்தின் தென்பாதியைச் சுற்றி வரலாம். ஜூலுவில் ஓர் ஆள் 'உமூந்து', பலர் 'அபாந்து'. கோசாவில் 'உம்ந்து', 'அபாந்து'. ஸ்வாத்தியில் 'உமூந்த்ஃபு', 'பாந்த்ஃபு'. லெசோத்தோவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பேசும் சோத்தோவில் 'மோத்தோ', 'பாத்தோ'. ஸிம்பாப்வேயின் ஷோனாவில் 'முன்ஹு', 'வான்ஹு'. கிழக்குக் கடற்கரைக்குப் போனால் சுவாஹிலியில் 'ம்து', 'வாத்து'. உகாண்டாவின் லுகாண்டாவில் 'ஓமுந்து', 'அபாந்து'. தலையில் ஒட்டும் துண்டு எண்ணிக்கையைச் சொல்கிறது. அடிச்சொல் அசையாமல் நிற்கிறது.

தலையில் ஒட்டும் அந்தத் துண்டுதான் இந்தக் குடும்பத்தின் உயிர். பெயர்ச்சொற்கள் எல்லாம் வகுப்பு வகுப்பாகப் பிரிந்திருக்கும்: மனிதர் ஒரு வகுப்பு, விலங்குகளில் பெரும்பாலானவை ஒரு வகுப்பு, மரம் செடி ஒரு வகுப்பு, நீர்மங்கள் ஒரு வகுப்பு என்று தொடங்கும், போகப் போகக் காரணம் சொல்ல முடியாத சொற்களும் உள்ளே உட்கார்ந்திருக்கும். ஆண்பால் பெண்பால் என்ற பிரிவுக்கு அங்கே வேலையில்லை. பெயர் எந்த வகுப்போ, அந்த வகுப்பின் அடையாளத்தை அடைமொழியும் வினையும் தாங்களும் அணிந்துகொண்டுதான் வாக்கியத்துக்குள் வர வேண்டும். 'சின்னக் குழந்தைகள் விளையாடுகிறார்கள்' என்பதை ஜூலுக்காரர் 'அபாந்த்வானா அபான்சானே பாயாட்லாலா' என்பார். கோசாக்காரர் 'அபாந்த்வானா அபான்சின்சி பாயாட்லாலா' என்பார். ஸ்வாத்திக்காரர் 'பாந்த்ஃப்வானா லாபான்சானே பாயாட்லாலா'. சுவாஹிலியில் 'வாத்தோத்தோ வாதோகோ வானாசேஸா'. முதல் மூன்றிலும் சொல்லுக்குச் சொல் 'பா' ஒலிப்பதையும், நாலாவதில் அதே இடங்களில் 'வா' ஒலிப்பதையும் காதால் கேட்டாலே போதும். சுவாஹிலியில் அரபுச் சொற்கள் ஏராளம். குடும்பத்தின் மற்றவர்கள் ஏற்ற இறக்கத் தொனியால் பொருளை வேறுபடுத்தும்போது அது தொனியையே விட்டுவிட்டது. ஜூலுக்காரர் காதில் விழுந்தால் தலையும் புரியாது வாலும் புரியாது. ஆனாலும் எலும்புக்கூடு ஒன்றுதான்.

எலும்பு ஒன்று, சதை வேறு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் சதையும் தன்னிஷ்டத்துக்கு வேறுபடவில்லை என்பதுதான் விஷயம். தமிழில் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு' ஆவதும் 'பள்ளி' 'ஹள்ளி' ஆவதும் போல, இங்கும் ஓர் ஒலி மாறினால் அது வரும் இடமெல்லாம் மாறும். கார்ல் மைன்ஹோஃப் 1899இலேயே இந்த ஒலி விதிகளை முறையாகத் தொகுத்துக் காட்டி, எல்லாவற்றுக்கும் தாயான மூலமொழியின் உருவத்தை மீட்க முயன்றார்.

'அனுப்பு' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். சுவாஹிலியில் 'துமா'. ஜூலுவில் அதே தகரம் மூச்சோடு சேர்ந்து 'தூமா'. ஸ்வாத்தியில் 'த்ஃபூமா'. சோத்தோவில் 'ரோமா'. மூன்று என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சுவாஹிலியில் 'தாத்து', ஜூலுவிலும் மூச்சொலி சேர்ந்து 'தாத்து', ஸ்வாத்தியில் 'த்ஸாத்ஃபு', சோத்தோவில் 'ராரோ'. ஜூலுவின் தகரம் சோத்தோவில் ரகரமாகிறது என்பது விளங்கிவிட்டதா? இனி 'நேசி' என்பதற்கு ஜூலுச் சொல் 'தாந்தா' என்று தெரிந்தால் சோத்தோச் சொல் ரகரத்தில் தொடங்கும் என்று ஊகிக்கலாம். தொடங்குகிறது: 'ராத்தா'. 'தை' என்பதற்கு ஜூலுவில் 'துங்கா', சோத்தோவில் 'ரோக்கா'. இங்கே இரண்டாவது விதியும் தலைகாட்டுகிறது. 'ந்த', 'ங்க', 'ம்ப' என்று மூக்கொலியோடு வருபவை சோத்தோவில் மூக்கை உதறிவிட்டு வல்லெழுத்தாக இறுகிவிடுகின்றன. ஆடு ஜூலுவில் 'இம்பூஸி', சோத்தோவில் 'போதி'. யானை 'இன்ட்லோவு', 'ட்லோவு'.

சோத்தோவிலும் மூக்கொலி முழுதாகப் போய்விடவில்லை. அடிச்சொல் ஓரசையாக இருந்தால் மூக்கொலி ஒட்டிக்கொண்டே இருக்கும். வீடு ஜூலுவில் 'இன்ட்லு', சோத்தோவில் 'ன்ட்லோ'. நாய் 'இன்ஜா', 'ன்ச்சா'. சொல் ரொம்பக் குட்டையாகிவிடக் கூடாது என்று மொழியே ஒரு வரம்பு வைத்துக்கொண்டது போலிருக்கிறது. நெடிய சொல் தலையை இழந்தாலும் நடமாடும்; குட்டைச் சொல் இழந்தால் ஒன்றும் மிஞ்சாது.

ஜூலுவுக்கும் சோத்தோவுக்கும் இந்த இடைவெளி இருப்பதால் இரண்டு பேர் முதல்முறை சந்தித்தால் பேசிப் புரிந்துகொள்வது கடினம். ஜூலுவுக்கும் கோசாவுக்கும் அப்படியில்லை. 'நான் உன்னை நேசிக்கிறேன்' ஜூலுவில் 'ங்கியாகுதாந்தா', கோசாவில் 'ந்தியாகுதாந்தா'. 'எனக்குத் தெரியாது' ஜூலுவில் 'அங்காஸி', கோசாவில் 'அந்தாஸி'. 'நான்' என்பதைக் குறிக்கும் துண்டில் ஓரொலி மாறுகிறது, மற்றது அப்படியே. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தென்னாப்பிரிக்காவில் வீட்டில் ஜூலு பேசுவோர் 24.4 விழுக்காடு, கோசா பேசுவோர் 16.3 விழுக்காடு. இரண்டையும் சேர்த்தால் நாட்டில் பத்தில் நாலு பேர், ஏறக்குறைய ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியும் நிலையில் இருக்கிறார்கள்.

ஏறக்குறைய என்றேன். விதிக்கு அடங்காத இடங்கள் உண்டு. அங்கேதான் கால் இடறும். கோசாவில் 'பேசு' என்பதற்குச் சொல் 'தேத்தா'. அதே 'தேத்தா' ஜூலுவில் 'திட்டு'. ஜூலுவில் பேசுவதற்குக் 'குலூமா' என்று வேறு சொல் இருக்கிறது. கோசாக்காரர் ஒருவர் மரியாதையாக 'உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்' என்று சொன்னால், ஜூலுவை மட்டுமே அறிந்த காதில் அது வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக இரு என்பது போல விழும். 'இன்யாங்கா' இரண்டிலும் நிலவு, மாதம். ஜூலுவில் கூடுதலாக மூலிகை வைத்தியருக்கும் அதே சொல். கோசாக்காரர் வைத்தியரைத் தேடினால் வேறு சொல்லைச் சொல்லிக் கேட்பார்.

வாழ்த்துச் சொற்களிலும் விதி எதுவும் செல்லாது. ஜூலுவில் 'ஸாவுபோனா', பிரித்தால் 'உன்னைக் கண்டோம்'. இணையத்தில் இதற்கு 'உன் ஆன்மாவைக் காண்கிறேன்' என்றெல்லாம் தத்துவ உரை எழுதிவைத்திருக்கிறார்கள். டர்பன் கடைத்தெருவில் காலையில் அதைச் சொல்லிவிட்டுப் போகிறவருக்கு அந்தப் பாரமெல்லாம் கிடையாது. கோசாவில் 'மோலோ'. அது கேப் பகுதி டச்சுக்காரர்களின் காலை வணக்கத்திலிருந்து வந்தது. சோத்தோவில் 'துமேலா', 'ஒப்புக்கொள்', 'நம்பு' என்பதும் அதே சொல்தான். மூன்று மொழிக்காரர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் முதல் நொடியில் சொல்லும் சொல்லில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அந்நியரோடு நேர்ந்த பழக்கம் அடிப்படைச் சொற்களை விட்டுவிட்டு வாசல்படிச் சொற்களைத்தான் முதலில் மாற்றும் போலும்.

எண்களில் இன்னொரு வேடிக்கை. ஒன்று முதல் ஐந்து வரை எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே குடும்பம். ஆறில் பிரிந்துவிடுகிறார்கள். ஜூலுவில் ஆறு 'இஸிதூபா'; அந்தச் சொல்லுக்கே கட்டைவிரல் என்றுதான் பொருள். இடக்கையின் ஐந்து விரலையும் எண்ணி முடித்து, வலக்கையின் கட்டைவிரலுக்கு வந்தால் ஆறு. ஏழு 'இஸிகோம்பிஸா', 'கோம்பா' என்றால் சுட்டு, அதாவது சுட்டுவிரல். எட்டு 'இஸிஷியாகாலோம்பிலி', 'இரண்டு விரலை விட்டது'. ஒன்பது, 'ஒரு விரலை விட்டது'. சோத்தோவில் ஆறு 'ட்ஷெலேலா'. கடந்து மறுபக்கம் போ என்று பொருள், ஒரு கையிலிருந்து மறு கைக்கு. ஏழு 'சூபா', அதுவும் சுட்டுதல்தான். எட்டு 'ரோபேதி', 'இரண்டை மடக்கு'. சொற்களுக்குள் ஒலி உறவு கிடையாது. ஆனால் இரண்டு மொழியிலும் பேசுகிறவன் மனக்கண்ணில் நிற்பது அதே கைதான். சுவாஹிலிக்காரர்கள் விரலையே விட்டுவிட்டு ஆறு, ஏழு, ஒன்பதுக்கு வணிகர்களிடமிருந்து அரபு எண்களை வாங்கிக்கொண்டார்கள். நீளம் தாங்காமல் ஜூலுக்காரர்களும் இப்போது விலையையும் மணியையும் பெரும்பாலும் ஆங்கில எண்களில்தான் சொல்கிறார்கள்.

இந்த மொழிகளைப் பற்றிக் கேள்விப்பட்ட எவரும் முதலில் கேட்பது நாச்சொடுக்கு ஒலிகளைத்தான். மேலே 'அபான்சானே' என்று எழுதினேனே, அதன் சகரம் சகரமே அல்ல. பரிதாபப்பட்டு உச்சுக் கொட்டுகிறோமே, அந்த ஒலி. அதை மெய்யெழுத்தாக்கிச் சொல்லுக்கு நடுவில் வைத்துப் பேச வேண்டும். ஜூலுவிலும் கோசாவிலும் இப்படி மூன்று இடங்கள்: உச்சுக் கொட்டுவது பல்லோரம், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'டொக்' என்று எடுப்பது ஒன்று, வண்டிமாட்டை முடுக்கக் கன்னத்தோரம் எழுப்பும் ஒலி ஒன்று. 'கோசா' என்று நாம் எழுதும் பெயரே இந்த மூன்றாவது ஒலியில்தான் தொடங்குகிறது.

இவை பாண்டுவின் பிறவிச் சொத்து அல்ல. தெற்கே வந்த பாண்டு மக்கள் அங்கே முன்பே வாழ்ந்த கோய், சான் மக்களோடு கலந்து வாழ்ந்து, பெண் கொண்டு, அவர்களிடமிருந்து பெற்றவை. 'ஹ்லோனிபா' என்ற வழக்கத்துக்கும் இதில் பங்குண்டு என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். மணமாகி வந்த பெண் மாமனார் முதலிய கணவன் வீட்டு ஆண்களின் பெயரைச் சொல்லக் கூடாது. அப்பெயரில் வரும் அசையை வேறு எந்தச் சொல்லிலும்கூட உச்சரிக்கக் கூடாது. அசையைத் தவிர்க்க மாற்றொலி வேண்டும். பக்கத்து மொழியின் சொடுக்கொலி கைக்கு எட்டியது. கணவன் பெயரைச் சொல்லாத பாட்டிகளைக் கண்ட நமக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமமிருக்காது. ஆனால் அங்கே தடை அசை வரைக்கும் போனதால் மொழியின் ஒலிப் பட்டியலே நீண்டுவிட்டது.

வாங்கிய கடன் எல்லாரிடமும் ஒரே அளவில் இல்லை என்பது இதில் கவனிக்க வேண்டியது. கோசாவில் மிகுதி. ஜூலுவில் மூன்று இடங்களும் உண்டு. ஸ்வாத்தியில் மூன்றும் பெரும்பாலும் பல்லோர ஒலிக்குள் அடங்கிவிடுகின்றன. சோத்தோவில் 'டொக்' மட்டும். சோத்தோவின் நெருங்கிய உறவான ட்ஸ்வானாவில் ஏறத்தாழ இல்லை. 'தொடங்கு' என்ற வினை ஜூலுவிலும் சோத்தோவிலும் 'டொக்' ஒலியில் தொடங்கும். ஸ்வாத்தியில் அதே வினை உச்சுக்கொட்டலில் தொடங்கும். யார் யாரோடு எவ்வளவு நெருங்கி வாழ்ந்தார்கள் என்பதற்கு எழுதப்படாத பதிவேடு இது.

இதுவரை சொன்னது வாயின் கதை. காகிதத்தின் கதை வேறு. 'அவர்களைப் பார்ப்பேன்' என்பதை ஜூலுவில் 'ங்கிஸோபாபோனா' என்று ஒரே சொல்லாக எழுதுகிறார்கள். சோத்தோவில் 'கெ ட்லா பா போனா' என்று நாலு சொல்லாக எழுதுகிறார்கள். நான், எதிர்காலக் குறி, அவர்களை, பார். இரண்டிலும் அதே நாலு துண்டு, அதே வரிசை. 'பா', 'போனா' இரண்டும் ஒலியால்கூட ஒன்றே. வரி எழுதியவர் இடைவெளி விட்டாரா இல்லையா என்பதே வேறுபாடு. அச்சுப் பக்கத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தால் ஒன்று நெடுநெடுவென்று ரயில் போலவும், மற்றொன்று பொரி சிந்தியது போலவும் இருக்கும். இரண்டு வேறு வகை மொழிகள் என்று சத்தியம் செய்யத் தோன்றும்.

இடைவெளி விட்டது யார்? சமயப் பணியாளர்கள். சோத்தோவை எழுதியவர்கள் பாரிஸிலிருந்து வந்த புராட்டஸ்டண்டுகள். 1833இல் மொஷ்வேஷ்வே மன்னரின் நாட்டில், இன்றைய லெசோத்தோவில், மொரிஜா என்ற இடத்தில் இறங்கினார்கள். ட்ஸ்வானாவை எழுதியவர் லண்டன் சபையின் ராபர்ட் மொஃபாட். குருமானில் அச்சகம் வைத்து, 1857இல் பைபிள் முழுவதையும் முடித்தார். பெடி என்ற வடக்குச் சோத்தோவை எழுதியவர்கள் பெர்லின் சபை ஜெர்மானியர்கள். பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், ஜெர்மானியர் மூவரும் அவரவர் பழகிய எழுத்துக்கூட்டலோடு வந்தார்கள். பேச்சில் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து செல்லும் வழக்குகளின் தொடரில் மூன்று இடத்தில் மூன்று அச்சகம் நின்றது. அச்சகம் நின்ற இடத்துப் பேச்சு 'மொழி' ஆனது, நடுவில் கிடந்தவை வட்டார வழக்குகள் ஆயின. இன்றைக்கும் லெசோத்தோவில் மாட்டுக்கு ஒரு எழுத்துக்கூட்டல், எல்லை தாண்டித் தென்னாப்பிரிக்காவில் அதே மாட்டுக்கு, அதே மொழியில், வேறு எழுத்துக்கூட்டல். உச்சரிப்பில் எந்த மாற்றமும் இல்லை.

எஸ்வாத்தினியின் கதை இதன் மறுபக்கம். அங்கே நெடுங்காலம் பள்ளியிலும் தேவாலயத்திலும் ஜூலுவே எழுத்து மொழி. வீட்டில் தகரம், வகுப்பறையில் ஸகரம். 1968இல் விடுதலை கிடைத்த பிறகுதான் ஸ்வாத்தி பாடப்புத்தகத்துக்குள் வந்தது. அந்த விடுதலை வராமல் போயிருந்தால் ஸ்வாத்தியை இன்று ஜூலுவின் வட்டார வழக்கு என்று யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

நேர்மாறாக நடந்த இடமும் உண்டு. ஸிம்பாப்வேயில் ஜெசுவிட்டுகள் ஸெஸுரு வழக்கிலும், டச்சுச் சீர்திருத்த சபையினர் காராங்கா வழக்கிலும், அமெரிக்க மெத்தடிஸ்டுகள் மன்யிகா வழக்கிலும் தனித்தனியாக அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் போக்கில் விட்டிருந்தால் மூன்று மொழிகள் பிறந்திருக்கும். அன்றைய அரசு கிளெமென்ட் டோக் என்ற மொழியியலாளரை அழைத்தது. அவர் 1931இல் தந்த அறிக்கை எல்லாவற்றையும் ஒரே எழுத்துமுறையின் கீழ் 'ஷோனா' என்ற ஒரே பெயரில் கட்டியது. ஜூலுவைச் சேர்த்து எழுதுவதே சரி என்று வாதாடியவரும் இதே டோக்தான். ஒரு சொல்லுக்கு ஓர் அழுத்தம், அழுத்தம் எங்கே முடிகிறதோ அங்கே இடைவெளி என்பது அவர் கணக்கு.

தெற்கே தென்னாப்பிரிக்காவிலும் அப்படிச் செய்யலாம் என்று 1944இல் ஜேக்கப் ந்ஹ்லாபோ என்ற கல்வியாளர் சொன்னார். ஜூலு, கோசா, ஸ்வாத்தி முதலியவற்றை ஓர் எழுத்து மொழியாகவும், சோத்தோ, ட்ஸ்வானா, பெடி மூன்றையும் மற்றோர் எழுத்து மொழியாகவும் கொண்டுவரலாம் என்பது அவர் யோசனை. ராபன் தீவுச் சிறையில் பத்தாண்டு கழித்த நெவில் அலெக்ஸாண்டர் 1980களின் இறுதியில் அதை மறுபடி எடுத்தார். இருவருக்கும் கிடைத்தது எதிர்ப்புதான். இடையில் நிறவெறி அரசு மொழிக்கொரு 'தாயகம்' என்று நிலத்தைக் கூறுபோட்டிருந்தது. அந்தக் கணக்கும் நேர்மையானதல்ல: ஒரே கோசா மொழிக்கு டிரான்ஸ்கெய், சிஸ்கெய் என்று இரண்டு தாயகங்கள் கொடுத்தார்கள். ஆனால் பிரித்து வைத்த மொழிகள் அதற்குள் பாடப்புத்தகமாகவும் வானொலியாகவும் ஆசிரியர் வேலையாகவும் வேர்பிடித்துவிட்டன. 1996 அரசமைப்பு பதினொரு ஆட்சிமொழிகளை ஏற்றது. அவற்றில் ஒன்பது பாண்டு. அலெக்ஸாண்டரின் யோசனை மொழியியல்படி சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தன் பிள்ளையின் பாடநூலில் பக்கத்து ஊர்க்காரரின் எழுத்துக்கூட்டலைக் கண்டு யாரும் மொழியியலை நினைத்துச் சமாதானமாக மாட்டார்கள்.

பேச்சில் மக்கள் எல்லையைப் பெரிதாக மதிப்பதில்லை. தொலைக்காட்சித் தொடரில் ஒரு பாத்திரம் ஜூலுவில் கேட்க, இன்னொன்று சோத்தோவில் பதில் சொல்லும்; யாரும் மொழிபெயர்த்துச் சொல்வதில்லை. தேசிய கீதத்தின் முதல் பகுதி கோசாவில் தொடங்கி, ஜூலுவுக்கு நழுவி, பிறகு சோத்தோவுக்குத் தாண்டுகிறது. கோசா எங்கே முடிந்து ஜூலு எங்கே தொடங்கியது என்பது வெளியார் காதுக்குத் தெரியாது. இறைவனை அழைக்கும் சொல் 'ன்கோஸி' போய் 'மொரேனா' வரும்போதுதான் வேறு கிளைக்கு வந்துவிட்டோம் என்று உறைக்கும்.

இந்த மொழிகளோடு தமிழருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து 'டிரூரோ' கப்பல் டர்பன் துறைக்கு வந்தது. அதில் இறங்கியவர்கள் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகள். அவர்களும் ஜூலு மக்களும் ஒருவரோடொருவர் பேசப் பயன்பட்டது ஃபனகலோ. வெள்ளை முதலாளிகளும் வேலையாட்களும் பேசிப் பழகிய கலப்பு மொழி. பின்பு சுரங்கங்களுக்கும் போயிற்று. இந்தியர் வாயில் அதிகம் வழங்கியதால் 'இஸிகூலா', கூலிகளின் மொழி, என்றும் அதற்கு ஒரு பெயர் இருந்தது.

ஃபனகலோவின் சொற்களில் பெரும்பகுதி ஜூலு. 'எனக்கு வேண்டும்' ஜூலுவில் 'ங்கிஃபூனா'. ஃபனகலோவில் 'மீனா ஃபூனா'. 'மீனா' என்பது ஜூலுவில் 'நானாக்கும்' என்று அழுத்திச் சொல்லும் தனிச்சொல். வினைக்கு முன்னால் ஒட்ட வேண்டிய சிறு துண்டை விட்டுவிட்டு இதை நிறுத்திக்கொண்டார்கள். பெயர்ச்சொல்லின் வகுப்புகள், அவற்றோடு ஒத்துப்போகும் அடைமொழி, வினை எல்லாம் போயின. மண்வாரி 'ஃபோஷோல்', மண்வாரிகள் 'மாஃபோஷோல்'. எதுவானாலும் முன்னால் ஒரு 'மா' போட்டால் பன்மை. ஜூலு கேட்டு வளர்ந்தவருக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு சிரமமும் இல்லை. ஆனால் தன்னிடம் ஒருவர் 'மீனா ஃபூனா' என்று தொடங்கினால், முகம் சுளித்துக்கொண்டுதான் பதில் சொல்வார்.